ஆரம்ப சுகாதார நிலையமும் ஊரும்: கேள்வி கேட்பது எப்படி, பதில் வாங்குவது எப்படி

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதே காலத்தில், 2020-இல் மாநிலம் முழுவதும் எடுத்த தொற்றாநோய் ஆய்வு வேறொரு கணக்கைத் தந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவில் 10.8 விழுக்காடு. இரண்டையும் கவனிப்பது அதே துறை, அதே நிலையங்கள், பெரும்பாலும் அதே ஊழியர்கள். அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி?

பிரசவம் என்பது நாள் குறித்து வரும் வேலை. வலி வந்தால் 108 வண்டி, போய்ச் சேர்ந்தால் செவிலியர், சிக்கல் என்றால் மேல் மருத்துவமனை என்று வரிசை தெளிவாக இருக்கிறது. கட்டடம், ஆள், வண்டி மூன்றையும் அரசு கொடுத்துவிட்டால் பெரும்பகுதி நடந்துவிடும். பிரஷர் மாத்திரை அப்படியல்ல. வருடத்தில் 365 நாளும் வீட்டுக்குள் நடக்க வேண்டிய காரியம் அது. மாத்திரை தீர்ந்ததா, தலைசுற்றல் வந்ததால் பாதியில் நிறுத்தினாரா, வேலை தேடித் திருப்பூர் போய்விட்டாரா என்பதெல்லாம் நிலையத்தின் பதிவேட்டுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ஆரம்ப சுகாதாரம் இன்று எதிர்கொள்ளும் வேலைகளில் பாதி இந்த வகையைச் சேர்ந்தது. ஊர் உள்ளே வராமல் இந்த வேலை முடியாது.

ஆனால் ஊரின் பங்கேற்பு என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் முகாமுக்கு ஆள் சேர்ப்பதும் விழிப்புணர்வுப் பேரணியில் பள்ளிப் பிள்ளைகளை நடக்கவிடுவதும்தான். இந்தக் கட்டுரை பேசுவது வேறு. தனக்குச் சேர வேண்டிய சேவை சேர்ந்ததா என்று ஊர் தானே அளந்து பார்ப்பது, குறை இருந்தால் எழுத்தில் கேட்பது, கேட்டதற்குக் குறித்த நாளில் பதில் பெறுவது. இந்த மூன்றில் கடைசியானது இல்லையென்றால் முதலிரண்டும் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. நின்றுபோன குழுக்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரியும்: ஒரே கோரிக்கை நான்கு கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும், ஐந்தாவது கூட்டம் நடந்திருக்காது.

காகிதத்தில் இருக்கும் அமைப்பு

1978 செப்டம்பரில் அல்மா அட்டாவில் நடந்த ஆரம்ப சுகாதாரத்துக்கான உலக மாநாட்டின் பிரகடனம், தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்று அறிவித்தது. இந்தியாவில் அதற்கு நிர்வாக வடிவம் கிடைத்தது 2005 ஏப்ரல் 12 அன்று தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தில்தான். கிராம அளவில் சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக் குழு. ஆரம்ப சுகாதார நிலைய அளவில் நோயாளர் நலச் சங்கம். பிறகு, துணை நிலையங்கள் நலவாழ்வு மையங்களாக மாற்றப்பட்டபோது அந்த அளவிலும் ஒரு மக்கள் குழு விதிகளில் சேர்ந்தது.

கிராமக் குழுவில் குறைந்தது 15 பேர் இருக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் ஒதுக்குப்புறக் குடியிருப்புகளுக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும். மாதம் ஒரு கூட்டம். பல மாநிலங்களில் ஊரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் சுகாதாரத் தன்னார்வலரான ஆஷா பணியாளர் செயலராக இருப்பார். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி போன்ற இடங்களில் மட்டுமே இருப்பதால், இங்கே ஊராட்சித் தலைவர் தலைவராகவும் கிராம சுகாதார செவிலியர் ஒருங்கிணைப்பாளராகவும் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நெருடல் இருக்கிறது. செவிலியரின் வேலையை ஊர் சார்பில் பார்வையிட வேண்டிய குழுவுக்கு அதே செவிலியர்தான் கூட்டம் கூட்டி, குறிப்பு எழுதி, கணக்கும் வைக்கிறார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தன் வேலையில் உள்ள குறையைத் தானே தீர்மானமாக எழுதுவது கடினம். ஆகவே குழு நன்றாக நடக்கும் இடங்களில் குறிப்பேடு எழுதும் வேலையை மட்டும் மகளிர் சுய உதவிக் குழுவில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கும் அழைப்பும் செவிலியரிடமே இருக்கும். இதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. குழுவின் முதல் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

வண்ண அட்டை வந்த கதை

2007 முதல் 2009 வரை ஒன்பது மாநிலங்களில் சமூகக் கண்காணிப்பு முன்னோடித் திட்டம் ஒன்று நடந்தது. மாவட்டத்துக்கு மூன்று வட்டாரம், வட்டாரத்துக்கு மூன்று ஆரம்ப சுகாதார நிலையம், நிலையத்துக்கு ஐந்து கிராமம். ஆக மாவட்டத்துக்கு 45 கிராமங்கள். 36 மாவட்டங்களில் 1,620 கிராமங்கள். தமிழ்நாட்டில் தருமபுரி, கன்னியாகுமரி, பெரம்பலூர், திருவள்ளூர், வேலூர் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இதில் இருந்தன. ஊர் மக்கள் கேள்வி கேட்டு, பதிலை எண்ணி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் போட்டு ஒரு கிராம சுகாதார அட்டையைத் தயாரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சிவப்பைப் பார்த்தால் புரிந்துகொள்வார் என்பதுதான் வண்ணத்தின் பயன்.

முன்னோடித் திட்டம் அந்த வடிவில் மாநிலம் முழுவதும் விரியவில்லை. அது ஒரு இழப்பு. ஆனால் அந்த முறையை இன்றும் எந்த ஊராட்சியிலும் செய்யலாம். ஒரு ஊருக்கு மூன்று வாரம் போதும்.

முதலில் குடியிருப்புகளின் பட்டியல். ஊராட்சி என்பது ஒரே ஊர் அல்ல. தாய்க்கிராமம், காலனி, இரண்டு மூன்று குக்கிராமங்கள், சில இடங்களில் செங்கல் சூளைக் குடிசைகள். எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, பேருந்து நிற்கும் இடம் ஆகியவற்றைக் குறித்தால், எந்தக் குடியிருப்புக்குச் சேவை எட்டவில்லை என்பது பாதி அப்போதே தெரிந்துவிடும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. உங்கள் துணை நிலையம் எத்தனை பேருக்கு என்பதையும் அந்தத் தாளிலேயே எழுத வேண்டும்.

அடுத்து, யாரிடம் கேட்பது. கடந்த ஆறு மாதத்தில் குழந்தை பெற்றவர்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்மார்கள், பிரஷர் அல்லது சுகருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், நிலையத்திலிருந்து வெளியே வரும் புறநோயாளிகள். ஒவ்வொரு வகையிலும் ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். காலனிக்குத் தனியாகப் போய், காலனியிலேயே உட்கார்ந்து கேட்க வேண்டும். ஊர்ப் பொது மேடையில் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிக் கேட்டால், செவிலியர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை என்ற பேச்சு வெளியே வராது.

கேள்வியில்தான் பெரும்பாலான முயற்சிகள் கெட்டுப்போகின்றன. 'சேவை திருப்தியா?' என்று கேட்டால் எல்லோரும் 'திருப்தி' என்பார்கள்; நாளைக்கும் அதே செவிலியரிடம்தான் போக வேண்டும். கேள்வி, நடந்ததா இல்லையா என்று சொல்லக்கூடியதாக, காலம் குறித்ததாக இருக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் உங்கள் எடை பார்த்தார்களா? இரத்த அழுத்தம்? இரத்தத்தில் ஹீமோகுளோபின்? வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்களா? இரும்புச்சத்து மாத்திரை 180 கிடைத்ததா? பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதித்தார்களா? யாராவது பணம் கேட்டார்களா? கடந்த மூன்று மாதத்தில் வெளிக்கடையில் மருந்து வாங்கச் சொன்னார்களா, என்ன மருந்து? பிரசவத் துணை ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் 2004 முதல் இருக்கிறது. ஆகவே 'அனுமதித்தார்களா' என்று கேட்பது சலுகையைப் பற்றிய கேள்வி அல்ல.

எண்ணும் முறை எளிது. ஒரு கேள்விக்கு 20 பேரில் 15 பேர் அல்லது அதற்கு மேல் 'ஆம்' என்றால், அதாவது 75 விழுக்காடும் அதற்கு மேலும், பச்சை. 50 முதல் 74 வரை மஞ்சள். அதற்குக் கீழே சிவப்பு. இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும்: ஊர் முழுவதற்கும் சேர்த்து மட்டும் எண்ணினால் தவறிவிடும். தாய்க்கிராமத்தில் 15 பேரும் 'ஆம்', குக்கிராமத்தில் 5 பேரும் 'இல்லை' என்றால் கூட்டுக்கணக்கில் பச்சை வந்துவிடும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனிக்கட்டம் போட்டால்தான் அந்த ஐந்து பேர் கண்ணில் படுவார்கள். எந்த ஆய்விலும் மறைந்துபோகிறவர்கள் அவர்கள்தான். இந்த அட்டையை நாம் போடுவதே அவர்களுக்காக.

பெயர்கள் அட்டையில் வரக்கூடாது. காசநோய், எச்.ஐ.வி., கருக்கலைப்பு, மனநலம் பற்றிய எதுவும் பொதுக்கூட்டத்தில் பேசப்படக் கூடாது. ஒருமுறை ஒரு வீட்டின் விஷயம் வெளியே போய்விட்டால் அந்த ஊரில் அடுத்த கணக்கெடுப்புக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அட்டை முடிந்ததும் முதலில் காட்ட வேண்டியது கிராம சுகாதார செவிலியரிடம். கிராமசபையில் திடீரென்று விரித்துவைத்தால் அவருக்கு அது தாக்குதலாகத்தான் தெரியும். முன்கூட்டி உட்கார்ந்து பார்த்தால் பாதிச் சிவப்புக்கு அவரே காரணம் சொல்வார்: இரண்டு துணை நிலையங்களுக்குப் பொறுப்பு பார்க்கிறேன், ஹீமோகுளோபின் சோதனைப் பட்டை இரண்டு மாதமாக வரவில்லை, அந்தக் குக்கிராமத்துக்கு மதியத்துக்குமேல் பேருந்து கிடையாது. இந்தக் காரணங்கள்தான் மேலே கேட்க வேண்டிய கோரிக்கைகள். ஒரு செவிலியர் இன்று வீடு வீடாக நடப்பதற்கு ஈடாகக் கணினிப் பதிவிலும் நேரம் செலவிடுகிறார். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பதிவு எண் எடுத்தால்தான் பிறப்புச் சான்றிதழும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் கிடைக்கும். பதிவில் ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ ஒரு இலக்கம் தவறினால் 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவியின் தவணை நின்றுவிடும். வசவு வாங்குவது செவிலியர். ஊர்க் குழு இந்த இடத்தில் செய்யக்கூடிய உதவி உண்டு. மூன்றாம் மாதத்துக்குள் கர்ப்பிணியின் ஆதார், வங்கிப் புத்தகம், கைபேசி எண் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இ-சேவை மையத்தில் திருத்தவைப்பது. ஒரு நாள் வேலை. பல மாதத் தாமதத்தைத் தவிர்க்கும்.

எந்தக் குறை யாரிடம் போக வேண்டும்

அட்டையில் வந்த எல்லாச் சிவப்பையும் ஒரே மனுவில் எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவது வழக்கம். அது எல்லா மேசைகளையும் சுற்றிவிட்டு நிலைய மருத்துவ அலுவலரிடமே 'உரிய நடவடிக்கைக்கு' என்று திரும்பி வரும். குறைகளை முதலில் பிரிக்க வேண்டும்.

சில குறைகள் ஊரிலேயே தீரும். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் அங்கன்வாடியில் திரை இல்லை, படுக்கவைக்க மேசை இல்லை. துணை நிலையத்துக்குப் போகும் வழியில் விளக்கு இல்லை. தொட்டித் தண்ணீரில் குளோரின் இல்லை. இவற்றை ஊராட்சி நிதியோ கிராமக் குழுவுக்கு ஆண்டுதோறும் வரும் 10,000 ரூபாயோ தீர்க்கும். சில குறைகள் நிலையத்தில் தீரும். புறநோயாளிகளுக்குக் குடிநீர், உட்கார இருக்கை, சர்க்கரை சோதனைப் பட்டை, கழிவறைப் பூட்டு ஆகியவை நோயாளர் நலச் சங்கத்தின் பணத்தில் முடியக்கூடியவை. நலவாழ்வு இயக்க விதிகளின்படி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1,75,000 ரூபாய், நலவாழ்வு மையமான துணை நிலையத்துக்கு 50,000 ரூபாய் என்று கட்டுப்பாடற்ற நிதி, அதாவது தேவை பார்த்துச் செலவிடக்கூடிய பணம், உண்டு. அது எதற்குச் செலவானது என்று கேட்கும் உரிமை சங்க உறுப்பினர்களுக்கு இருக்கிறது. உறுப்பினர்கள் யார் என்பதே ஊருக்குத் தெரியாத இடங்களில் முதல் கேள்வி, உறுப்பினர் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள் என்பதாக இருக்க வேண்டும்.

மருந்துக் குறையை எழுதுவது தனி வித்தை. 'மருந்து இல்லை' என்ற புகாருக்கு 'போதிய மருந்து இருப்பில் உள்ளது' என்ற பதில்தான் வரும். 'மெட்பார்மின் 500 மி.கி., மூன்று வாரமாக இல்லை, வெளியே எழுதிய ஐந்து சீட்டுகளின் நகல் இணைப்பு' என்று எழுதினால் யாராவது கிடங்குக்குப் போன் செய்தே தீர வேண்டும். அரசு நிலையங்களுக்கு மருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து வருகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கிய தொகைக்குள் மருந்தாளுநர் கேட்டுப் பெற வேண்டும். ஆகவே தட்டுப்பாட்டுக்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: கிடங்கிலேயே இல்லை, தொகை தீர்ந்துவிட்டது, அல்லது கேட்புப் பட்டியல் பிந்திவிட்டது. மூன்றுக்கும் தீர்வு வேறு. எது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மனுவே எழுத வேண்டும்.

காலிப் பணியிடம், புதுக் கட்டடம் போன்றவை ஊர் மட்டத்தில் தீராதவை. செவிலியர் பணியிடம் நிரம்ப மாநில அளவில் தேர்வு நடக்க வேண்டும். அதுவரை வெறும் கோரிக்கையாகவே காத்திருப்பதைவிட, கூடுதல் பொறுப்பு பார்க்கும் செவிலியர் எந்தக் கிழமை எந்த மணிக்கு இங்கே இருப்பார் என்று மருத்துவ அலுவலரின் கையெழுத்தோடு வாங்கித் துணை நிலைய வாசலில் எழுதிவைப்பது பலன் தரும். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது தமிழ்நாடு முழுவதும் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் அது தவறாமல் நடக்கிறது. நாள் குறித்த சேவை தப்பினால் உடனே தெரியும். குறிக்காத சேவை தப்பியதே தெரியாது. கட்டடத்தைப் பொறுத்தவரை ஒரு விவரம் பலருக்குத் தெரிவதில்லை: 15-ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியே சுகாதாரத்துக்காக நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் மானியத்தைப் பரிந்துரைத்தது. கட்டடமில்லாத துணை நிலையங்கள், பரிசோதனைக்கூட வசதிகள், வட்டாரப் பொதுச் சுகாதார அலகுகள் ஆகியவை அதன் இனங்கள். உள்ளாட்சியின் பெயரில் வந்த அந்தப் பணத்தில் தன் வட்டாரத்துக்கு என்ன வந்தது என்று கேட்பதற்கு ஊராட்சிக்கு முழு நியாயம் உண்டு.

பத்தாயிரம் ரூபாயும் பிளீச்சிங் பவுடரும்

கிராமக் குழுவின் கட்டுப்பாடற்ற நிதி ஆண்டுக்கு 10,000 ரூபாய். பல இடங்களில் அது முழுவதும் பிளீச்சிங் பவுடருக்கும் துப்புரவுக்கும் போய்விடுகிறது. அவை ஊராட்சியின் வழக்கமான செலவில் வர வேண்டியவை. குழுவின் பணம், வேறு எந்தத் தலைப்பிலும் வராத செலவுக்கு இருக்க வேண்டும்: நள்ளிரவில் ஏழைக் குடும்பத்துக்கு வண்டி வாடகை, அங்கன்வாடியின் உடைந்த எடைக் கருவி, பரிசோதனை மேசை, திரை.

பவுடர் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் குழு தானே நேரடியாக அளக்கக்கூடிய ஒரே சேவை அதுதான். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நடைமுறைக் கணக்கு. பவுடரில் 25 விழுக்காடு குளோரின் இருந்தால் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகும். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை நேரடியாகத் தொட்டியில் கொட்டக் கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரமாவது கழித்துத்தான் தண்ணீர் திறக்க வேண்டும். பிறகு கடைசித் தெருக் குழாயில் சோதனை: குளோரினை நிறம் பார்த்து அளக்கும் சிறு கருவியான குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும்.

நிறம் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. மூட்டை வாய் திறந்தே ஈரத்தில் கிடந்து பவுடர் வலு இழந்திருக்கும். தொட்டி இயக்குபவர் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்துவிட்டிருப்பார். அல்லது கடைசித் தெருவில் குழாய் உடைந்து சாக்கடை கலந்து குளோரினைத் தின்றிருக்கும். மூன்றாவதுதான் ஆபத்தானது. முதல் தெருவில் மஞ்சள் வந்து கடைசித் தெருவில் வராவிட்டால் அன்றைக்கே சுகாதார ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு ஒரே தெருவில் மூன்று நான்கு வீட்டில் வருவதற்கு முன் கிடைக்கும் கடைசி முன்னறிவிப்பு அது. அளப்பவர் தொட்டி இயக்குபவராகவே இருக்கக் கூடாது. சுய உதவிக் குழுப் பெண்கள் வாரம் ஒருமுறை, தெருவின் கடைக்கோடி வீட்டில் அளந்து பலகையில் எழுதினால் அந்த ஊரின் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம்.

வீட்டு வாசலுக்கு வந்த மாத்திரை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரை தருகிறார்கள். 2020-இல் 7.3 ஆக இருந்த இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, 2023-24-இல் எடுத்த இரண்டாம் ஆய்வில் 17 விழுக்காடாகவும், நீரிழிவுக் கட்டுப்பாடு 10.8-லிருந்து 16.7 ஆகவும் உயர்ந்தன. இது பெரிய முன்னேற்றம். ஆனால் இரத்த அழுத்தம் உள்ள ஆறு பேரில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை என்றும் அதே எண்ணைப் படிக்க வேண்டும்.

எங்கே கசிகிறது? மாத்திரை வீட்டுக்கு வருவதும் அழுத்தம் இறங்குவதும் ஒன்றல்ல. தன்னார்வலர் அளக்கிறார், 160/100 இருக்கிறது, போன மாதம் கொடுத்த அதே 5 மி.கி. அம்லோடிபினைக் கொடுத்துவிட்டுப் போகிறார். மாற்றி எழுத அவருக்கு அதிகாரமில்லை. மருத்துவரோ நோயாளியைப் பார்த்தே பல மாதம் ஆகியிருக்கும். 140/90-க்கு மேலே அடுத்தடுத்து இரண்டு மாதம் இருந்தால் மருத்துவர் பார்த்து அளவைக் கூட்டவோ இரண்டாவது மருந்தைச் சேர்க்கவோ வேண்டும். இந்த இணைப்பு அறுந்துபோகும் இடத்தில்தான் ஊர் தேவைப்படுகிறது. தன்னார்வலரிடம் உள்ள பட்டியலில் இரண்டு மாதமாகக் கட்டுக்குள் வராதவர்களை மட்டும் தனியே பிரித்து, மாதம் ஒரு நாள் மருத்துவ அலுவலர் அல்லது நடமாடும் மருத்துவக் குழு அந்த ஊருக்கு வரும்போது அவர்களைக் கட்டாயம் பார்க்கவைப்பது. பட்டியலைத் தன்னார்வலரும் செவிலியரும் மட்டுமே வைத்திருக்க வேண்டும். குழுவுக்கு எண்ணிக்கை மட்டும் போதும்: எத்தனை பேர் பதிவு, எத்தனை பேர் அளக்கப்பட்டார்கள், எத்தனை பேர் கட்டுக்குள், எத்தனை பேரை மருத்துவர் பார்த்தார்.

இன்னொரு கசிவு நேரம். தன்னார்வலர் காலை பத்து மணிக்கு வருகிறார். நாற்பது வயது ஆணும் பெண்ணும் அப்போது வேலையில் இருப்பார்கள். வீட்டில் இருக்கும் முதியவர்களே திரும்பத் திரும்பப் பதிவாகிறார்கள். நூறு நாள் வேலைத் தளம், பால் சேகரிப்பு நிலையம், ரேஷன் கடை வரிசை ஆகிய இடங்களில் மாதம் ஒருமுறை அளந்தால் வேலைக்குப் போகும் வயதினர் கிடைப்பார்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்காரவைக்க வேண்டும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தவருக்கு உடனே பட்டையைக் கட்டினால் வரும் எண் பொய்யான எண்.

தன்னார்வலர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் ஊரின் கைகள். ஊரின் குரல் அல்ல. அரசின் வேலையை ஊக்கத்தொகைக்குச் செய்யும் பெண்களிடமே அரசின் குறையைத் தட்டிக்கேட்கும் பொறுப்பையும் ஏற்றுவது அவர்களை நெருக்கடியில் தள்ளும். தன்னார்வலர் இருப்பதால் ஊர்ப் பங்கேற்பு வந்துவிட்டது என்று அறிக்கைகளில் எழுதப்படும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

பக்கத்து மாநிலங்கள் காட்டுவது

கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்தன. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. பணம் பஞ்சாயத்திடம் இருந்ததால் மருத்துவ அலுவலர் பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு வர வேண்டியிருந்தது. அங்கே வலித்தணிப்புச் சிகிச்சை வீடு வீடாகப் பரவியதும் மலப்புறம் பகுதித் தன்னார்வலர்களில் தொடங்கி, 2008-இல் மாநிலக் கொள்கையாகி, பஞ்சாயத்துச் செவிலியர் வரை வந்தது. மகாராஷ்டிரம் வேறு வழியில் போனது: 2007 முதல் சமூகக் கண்காணிப்பை மக்கள் விசாரணைக் கூட்டங்களோடு இணைத்தார்கள். அட்டையில் சிவப்பு வந்த விஷயத்தை, பாதிக்கப்பட்டவரே அதிகாரிகள் முன்னிலையில் சொல்வார். அதிகாரி அங்கேயே பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் நிதி அதிகாரமும் உள்ளாட்சியிடம் அந்த அளவுக்கு இல்லை, விசாரணைக் கூட்டமும் வேரூன்றவில்லை. இங்கே அண்மையில் வந்திருப்பது, மக்களும் அதிகாரிகளும் சேர்ந்து சுகாதாரத் தேவைகளைப் பேசும் சுகாதாரப் பேரவை. 2019-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தின் பகுதியாக மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் பேரவைகள் கூட்டப்படுகின்றன. ஊரிலிருந்து மேலே போக ஒரு வாசல் இப்போது இருக்கிறது என்பது நல்ல செய்தி. அந்த வாசலுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. நிலைய வாரியாக வண்ண அட்டைகளைத் தொகுத்து, மேலே தீர்க்க வேண்டிய மூன்று நான்கு குறைகளை மட்டும் ஆதாரத்தோடு கொண்டுபோகும் வட்டாரத்துக்குத்தான் பேரவையில் தீர்மானம் கிடைக்கும்.

கிராமசபையும் தலைவர் இல்லாத காலமும்

கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 10,000 வரை 200 பேரும் இருந்தால்தான் அது செல்லும். ஆறில் இரண்டை, மே 1-ஐயும் நவம்பர் 1-ஐயும், சுகாதார அட்டைக்கு என்று வைத்துக்கொண்டால் ஆறு மாத இடைவெளி கிடைக்கும்; மேயில் சிவப்பாக இருந்தது நவம்பரில் என்ன நிறம் என்று பக்கத்தில் பக்கத்தில் ஒட்டலாம். தீர்மானத்தில் யார், எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில் என்ற மூன்றும் இருக்க வேண்டும். 'துணை சுகாதார நிலையத்தை மேம்படுத்தக் கோருவது' என்ற தீர்மானத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'துணை நிலையப் பிரசவ அறையின் கழிவறைக்குத் தண்ணீர் இணைப்பு, ஊராட்சிச் செயலர், ஜூன் 30-க்குள், ஊராட்சிப் பொது நிதி' என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நகரத்தில் இந்த மேடை இன்னும் பலவீனம். 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு மகளிர் ஆரோக்கியக் குழு, ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிதி என்று தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கத்தின் விதி சொல்கிறது. 2023-இல் தமிழக நகரங்களில் ஒரே நாளில் 500 நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. மையத்தையும் குழுவையும் வார்டு கமிட்டியையும் இணைக்கும் வழக்கம் இன்னும் உருவாகவில்லை. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் மக்களிடம் பட்டியல் வைத்திருப்பதே முதல் சிரமம்.

ஊரகத்தில் இன்றைய பெரிய சிக்கல் வேறு. 2016 அக்டோபரிலிருந்து 2019 இறுதிவரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களே இல்லை. 27 மாவட்டங்களில் அடுத்து வந்தவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் போனதும் குழுவுக்குத் தலைவர் இல்லை, வங்கிக் கணக்கில் ஒரு கையெழுத்து இல்லை, அந்த ஆண்டின் பணம் அப்படியே கிடக்கும். அடுத்த நிதியாண்டில் செலவு காட்டாததால் ஒதுக்கீடே வராமல் போகும். புதிய தலைவர் வரும்போது குறிப்பேடு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். குறிப்பேடு, வண்ண அட்டைகள், குடியிருப்பு வரைபடம், அனுப்பிய மனுக்களின் நகல் எல்லாம் ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பின் அலமாரியில் இருக்க வேண்டும். கூட்டமைப்பு தேர்தலோடு கலைவதில்லை. பதவிக்காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே மீதத் தொகைக்குச் செலவுத் தீர்மானம் போட்டு, பயன்பாட்டுச் சான்றிதழைச் செவிலியர் வழியே வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்பிவிட வேண்டும். தனி அலுவலர் பொறுப்பேற்ற வாரத்திலேயே கையெழுத்து மாற்றத்துக்கான கடிதத்தை அவரிடம் வாங்கி வங்கியில் கொடுக்க வேண்டும். தாமதித்தால் பல ஊராட்சிகளைக் கவனிக்கும் அவரைப் பிடிப்பது கடினமாகிவிடும். கிராமசபை தனி அலுவலர் காலத்திலும் கூட்டப்படுகிறது. அதன் பொருள் நிரலில் சுகாதார அட்டையைச் சேர்க்கச் சொல்லி, ஏழு நாள் அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.